நீர் போகும் வழியில் கடை வைக்கலாமா?

காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, கல்லாவில் உட்கார்ந்ததும் நாம் முதலில் கேட்பது விலை. விருதுநகரில் உளுந்து என்ன விலை, ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை, சேலத்தில் ஜவ்வரிசி என்ன விலை என்று விசாரித்த பிறகுதான் மற்ற வேலை. மூட்டைக்கு இருபது ரூபாய் ஏறினாலும் காரணம் என்ன என்று மண்டியில் துருவித் துருவிக் கேட்போம். வரத்து குறைவு என்பார்கள். ஏன் குறைந்தது என்றால் மழை இல்லை என்பார்கள். இல்லாவிட்டால் மழை அதிகம் என்பார்கள். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். மழை ஆண்டவன் கையில் இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்று அடுத்த சிட்டையை எழுதப் போய்விடுகிறோம்.

மழை நம் கையில் இல்லை என்பது சரிதான். ஆனால் பெய்த மழை எங்கே தங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது, யார் கிட்டங்கிக்குள் நுழைகிறது என்பதில் மனிதர் கைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மனிதர்களில் வணிகர்களும் அடக்கம். வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று சங்கங்கள் காட்டும் அக்கறையில் நாலில் ஒரு பங்கையாவது ஊர்க் குளத்துக்கும் அதன் கால்வாய்க்கும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. இது ஊருக்குச் செய்யும் தர்ம காரியம் மட்டுமல்ல, நம் முதலைக் காக்கும் காரியம்.

மலையும் மண்ணும் அமைத்த சந்தை

நாம் விற்கும் சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதைத் தீர்மானித்தது மனிதர்கள் மட்டுமல்ல. மேற்கே நிற்கிறதே மேற்குத் தொடர்ச்சி மலை, அதுதான் முதல் கமிஷன் ஏஜென்ட். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை அந்த மலை தடுத்து, மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கம் இறக்கிவிடுகிறது. நம் பக்கம் வருவது பெரும்பாலும் வறண்ட காற்று. ஆகவே தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது.

இந்த வறட்சியே சில ஊர்களுக்குப் பிழைப்பு. தூத்துக்குடியில் ஆண்டில் பல மாதம் மழையின்றி வெயில் காய்வதால்தான் அங்கே உப்பளம் நடக்கிறது. நம் கடை வாசலில் அடுக்கிய உப்பு மூட்டைக்குப் பின்னால் ஒரு மலையின் நிழல் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. ராமநாதபுரத்து முண்டு மிளகாய், ஐப்பசி மழையையும் கண்மாய்த் தண்ணீரையும் நம்பிப் போடும் பயிர். போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்தில் பெயர் எடுத்ததற்கு, அது இடுக்கி மலையின் அடிவாரத்தில் இருப்பதே காரணம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் விழுந்த ஓர் இடைவெளி. அதன் வழியாகக் காற்றும் வந்தது, சாலையும் ரயிலும் வந்தன, பொள்ளாச்சியில் தேங்காயும் வெல்லமும் மாடும் விற்கும் சந்தையும் வளர்ந்தது.

காவிரிப் படுகை வணிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூர் அணை 1934-ல் பயன்பாட்டுக்கு வந்தது. முழுக் கொள்ளளவு 120 அடி. ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் குறுவை உண்டு. குறுவை உண்டு என்றால் தீபாவளிக்குக் கையில் காசு உண்டு. 2024-ல் அணையில் போதிய நீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறக்க முடிந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து மளிகைக்கடைக்காரர் தம் பற்று வரவு நோட்டைப் புரட்டினால் அணையின் நீர்மட்டம் அதில் தெரியும். பற்று ஏறும், வரவு நிற்கும். துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று எல்லோர் ஐந்தொகையிலும் அதே கதைதான்.

குளம் என்பது பொது முதல்

அணைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் ஒரு ஏற்பாடு செய்து வைத்தார்கள். வடக்கே ஏரி, மதுரை, ராமநாதபுரத்தில் கண்மாய், நெல்லைச் சீமையில் குளம் என்று பெயர்தான் வேறு. தமிழ்நாட்டில் இவை சுமார் 39,000 உண்டு. மூன்று மாதத்தில் கொட்டும் மழையைப் பிடித்து வைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குச் செலவழிக்கும் திட்டம் இது. வியாபாரிக்குப் புரியும்படி சொன்னால், சீசனில் கொள்முதல் செய்து கிட்டங்கியில் இருப்பு வைத்து, ஆண்டு முழுவதும் சில்லறையாக விற்கும் அதே முறைதான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. குளங்கள் தனித்தனியாக இல்லை. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கு அடுத்தது. கடைசியில் ஆற்றிலோ கடலிலோ சேரும். மேலேயுள்ள குளத்தின் மறுகாலை அடைத்தால் கீழேயுள்ள குளம் காயும். பெருமழை வந்தால், வழியில்லாத அதே தண்ணீர் தெருவுக்குள் திரும்பும். ஒரு கால்வாய் அடைபட்டால் கோடையில் பஞ்சம், கார்த்திகையில் வெள்ளம் என்று இரண்டு நஷ்டம்.

ஏரி நிறைந்தால் கரை கசியும் என்று பழமொழி சொல்கிறோம். குளம் பெருகிய ஆண்டில் விவசாயி கையில் பணம் புழங்கும், கூலியாளுக்கு வேலை இருக்கும், ஊர்க் கிணற்றில் நீர் ஊறும், ஹோட்டல்காரருக்கு லாரித் தண்ணீர்ச் செலவு மிச்சமாகும். அந்தக் கசிவில்தான் சிறு வணிகனின் பிழைப்பு நடக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு ஓர் ஊர் போனால் இன்னோர் ஊர். நமக்கு ஒரே தெரு, ஒரே வாடிக்கை.

சென்னை இதற்கு நல்ல பாடம். 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையில் அடையாறு கரை புரண்டு நகரம் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 ஜூனில், நகருக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே ஊர், அதே ஏரிகள். நம் மாநிலத்திலேயே பெரிய கடைத்தெருவான தியாகராய நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் ஒரு நீண்ட ஏரியை வற்றவைத்து அந்த இடத்தில் எழுப்பிய பகுதி அது. 2021 நவம்பர் மழையில் அங்கே தண்ணீர் தேங்கி வியாபாரம் படுத்தது. நூறு ஆண்டு ஆனாலும் தாழ்ந்த இடம் தாழ்ந்த இடம்தான். தண்ணீருக்குப் பத்திரமும் தெரியாது, பட்டாவும் தெரியாது.

2023 டிசம்பர் சொன்னது என்ன?

நெல்லை, தூத்துக்குடி மாவட்ட வணிகர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை விட அதிகம் ஒரே நாளில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டதை நாடே பார்த்தது. ஏரல் பாலம் சேதமடைந்து போக்குவரத்து நின்றது. கடைவீதிகளுக்குள் புகுந்த நீர் பருப்பு, அரிசி, சர்க்கரை மூட்டைகளைச் சேறாக்கியது.

நில அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். தாமிரபரணி நீளமான ஆறு அல்ல. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் வரை சுமார் 125 கிலோமீட்டர்தான். மலையில் பெய்தது விரைவில் சமவெளிக்கு இறங்கிவிடும். சமவெளியிலும் மழை பெய்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். கடற்கரை ஓரமோ தட்டையான பூமி. நீர் வடியக் காலம் எடுக்கும். இதை அறிந்துதான் ஆற்றில் எட்டு அணைக்கட்டுகளும், கடைசி இரண்டு அணைக்கட்டுகளான மருதூர், ஸ்ரீவைகுண்டம் கால்வாய்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்களும் அமைத்து வைத்தார்கள்.

95 சென்டிமீட்டர் மழையை எந்தக் குளமும் முழுவதும் தாங்காது; அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குளங்களின் கரைகளே பல இடங்களில் உடைந்தன. ஆனால் இரண்டு விஷயங்களை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். ஒன்று, தண்ணீர் முதலில் எங்கே பாய்கிறது. மற்றொன்று, எத்தனை நாள் நிற்கிறது. ஒரு நாள் நின்ற நீரில் கீழ் வரிசை மூட்டைதான் போகும். நான்கு நாள் நின்றால் கீழ் வரிசையிலிருந்து ஈரம் ஏறி மேல் வரிசையும் போகும். பிரிட்ஜ், தராசு, கம்ப்யூட்டர் பில்லிங் எல்லாம் போகும். கால்வாய் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்பதில்தான் அந்த நாள் கணக்கு இருக்கிறது.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தீபாவளிக்கு எண்ணெய், மைதா, சர்க்கரை; கார்த்திகைக்குப் பொரி, வெல்லம்; கிறிஸ்துமஸுக்கு முந்திரி, உலர் திராட்சை; பொங்கலுக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு, மண்டை வெல்லம். ஆண்டிலேயே நம் இருப்பு உச்சத்தில் இருப்பது ஐப்பசி முதல் மார்கழி வரை. மழை உச்சத்தில் இருப்பதும் அதே மூன்று மாதம். கடன் வாங்கி சரக்கு நிரப்பி வைக்கும் மாதத்தில்தான் வெள்ளம் வருகிறது. ஆகவே மற்ற எந்தத் தொழிலை விடவும் மளிகைத் தொழிலுக்கு வெள்ளத்தால் வரும் அடி பலமானது.

கசப்பான பேச்சு

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீர்வரத்துக் கால்வாய் மேலே ஸ்லாப் போட்டுக் கடை, ஓடைக்கரையில் தகரக் கொட்டகை, குளத்து உள்வாயில் குடோன். இப்படிப்பட்ட இடங்கள் ஏறக்குறைய எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் உண்டு. அரசு அகற்ற வந்தால் நம் சங்கங்கள் என்ன செய்கின்றன? உடனே கடையடைப்பு, ஆர்ப்பாட்டம், மனு. உறுப்பினரைக் காப்பது சங்கத்தின் கடமை என்பதால் அது இயல்புதான்.

பாதிக்கப்படுபவர் கேட்கும் கேள்விகளிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், நகராட்சி வரி வாங்கியது, மின் இணைப்பு கொடுத்தார்கள், இன்று மட்டும் ஆக்கிரமிப்பா என்கிறார். எட்டுக்கு எட்டு கடையை இடிக்கிறார்கள், குளத்துக்குள்ளேயே நிற்கும் பெரிய கட்டடத்தை ஏன் தொடவில்லை என்கிறார். அரசு அலுவலகங்களே ஏரிக்குள் இருக்கின்றனவே என்கிறார். இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது அதிகாரிகளின் பொறுப்பு. சின்னவனிடம் சட்டமும் பெரியவனிடம் சலுகையும் என்ற நிலையை சங்கம் எதிர்த்தே தீர வேண்டும்.

ஆனால் அந்த நியாயம் கால்வாயை அடைத்து வைப்பதற்கு நியாயம் ஆகிவிடாது. ஒரு கால்வாய் மேல் பத்து கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால்வாய் அடைபட்டதால் கடைவீதிக்குள் நீர் புகுந்து இருநூறு கடையின் சரக்கு நனைகிறது. அந்த இருநூறு பேரும் இதே சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். பத்துப் பேருக்காகப் போராடும்போது அவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? அந்தப் பத்துப் பேரின் சரக்காவது தப்புகிறதா என்றால் அதுவும் இல்லை. முதலில் நனைவது அவர்களுடையதுதான்.

ஆகவே சங்கங்கள் தம் கோரிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும். அகற்றாதே என்பதை விட்டுவிட்டு, மூன்று விஷயங்களை உறுதியாகக் கேட்க வேண்டும். முதலாவது, கால்வாயைத் தலைப்பிலிருந்து கடைமடை வரை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். பெரிய கட்டடமானாலும் அரசுக் கட்டடமானாலும் விதிவிலக்கு கூடாது. இரண்டாவது, நெடுங்காலமாகத் தொழில் செய்பவருக்கு மாற்று இடம் காட்டிய பிறகே இடிக்க வேண்டும். மூன்றாவது, போதிய அவகாசம் தர வேண்டும். சீசன் வியாபாரத்தில் வந்து நிற்கக் கூடாது. ஏரிகள் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. நீதிமன்றங்களும் நீர்நிலை விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. இன்றில்லாவிட்டால் நாளை அகற்றத்தான் போகிறார்கள். வெறுங்கையோடு வெளியேறுவதை விட, பேசி மாற்று இடம் வாங்கிக்கொண்டு வெளியேறுவது புத்திசாலித்தனம்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: கடையோ குடோனோ வாங்கும் முன், வாடகைக்குப் பிடிக்கும் முன், அந்தச் சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். இப்போது அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வாய்க்கால், ஓடை, குளம் என்று இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம், முன்பு வெள்ளம் வந்தபோது எந்த உயரம் வரை நின்றது என்று கேட்டு, அந்த உயரத்துக்கு மேல் பலகைத் தட்டு அடித்து மூட்டையை அடுக்குங்கள்.

இரண்டு: வெங்காயச் சருகு, தேங்காய் நார், கிழிந்த சாக்கு, பாலிதீன் தாள் எதையும் சாக்கடையில் தள்ளாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. அபராதத்துக்குப் பயந்து மறைப்பதை விட, சாக்கடை அடைபட்டால் தண்ணீர் நம் வாசலில்தான் ஏறும் என்பதற்குப் பயப்பட வேண்டும். சங்கம் தெருவுக்கு ஒரு வண்டி வைத்துக் கழிவை எடுக்க ஏற்பாடு செய்தால், ஆளுக்குச் சிறு தொகைதான் வரும்.

மூன்று: மே 5 வணிகர் தினத்தில் மாநாடு கூட்டித் தீர்மானம் போடுகிறோம். மே மாதம் குளங்கள் வற்றிக் கிடக்கும் மாதம். தூர்வார அதுவே ஏற்ற காலம். ஊர் தோறும் சங்கம் ஒரு கால்வாயைத் தேர்ந்தெடுத்து, நீர்வளத் துறையிடம் முறையாக அனுமதி பெற்று, பாசன விவசாயிகளுடன் சேர்ந்து சுத்தம் செய்யலாம். வண்டல் மண்ணை விவசாயிகள் எடுத்துக்கொள்ள அரசே அனுமதி முறை வைத்திருக்கிறது. ஊர் கூடிக் குளம் வெட்டும் குடிமராமத்து நமக்குப் புதியது அல்ல. 2017-ல் அரசும் அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. ஆவணி முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். ஐப்பசியில் மண்வெட்டி தூக்கிப் பயன் இல்லை.

நான்கு: சரக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுங்கள். தீக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு வெள்ளம் வந்தபின் விழிப்பவர்கள் பலர். சொத்தும் இருப்பும் சேர்த்து 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு நிறுவனங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. அதில் வெள்ளச் சேதமும் அடங்கும். சாதாரண மாத இருப்பை வைத்துத் தொகை எழுதாமல், தீபாவளி, பொங்கல் கால இருப்பை வைத்து எழுதுங்கள். குறைத்து எழுதினால் இழப்பீடும் குறையும். கொள்முதல் பில்லின் நகல் கடைக்கு வெளியே ஒரு இடத்திலும் இருக்கட்டும்.

ஐந்து: ஐப்பசி முதல் மார்கழி வரை சங்கத்தில் இருவரை நியமித்து, வானிலை அறிவிப்பையும் மேலே உள்ள அணை, குளங்களின் நிலையையும் கவனிக்கச் சொல்லுங்கள். நீர் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி ஆறு மணி நேரம் முன்பாகக் கடைத்தெருவுக்கு வந்தால், கீழ் வரிசை மூட்டையை மேலே ஏற்றிவிடலாம். விலை நிலவரத்தை நொடியில் பரப்பத் தெரிந்த நமக்கு நீர் நிலவரத்தைப் பரப்புவது பெரிய காரியம் அல்ல.

வணிகப் பெருமக்களே, நம் கிட்டங்கியில் இருப்பது நம் சொந்த முதல். குளத்தில் இருப்பது ஊர் முழுவதற்குமான முதல். சொந்த முதலைக் காக்கப் பூட்டு போடுகிறோம், காவல் வைக்கிறோம், தினமும் கணக்கு பார்க்கிறோம். பொது முதலுக்குப் பூட்டு வேண்டாம். அதற்கு வேண்டியது திறந்த வழி. அந்த வழியில் நாம் நிற்காமல் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை வரும் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எதிர்ப்பவர்களும் பேசட்டும். பேசி முடித்து, எந்தக் கால்வாய், எந்தத் தேதி, யார் பொறுப்பு என்று மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டு எழுந்திருங்கள்.